நிறமாலை வரைபடத்தில் முகடுகளுக்கும் பள்ளங்களுக்கும் பெயரிடுதல்: எந்த முறை எதற்குப் பொருந்தும்?

ஒரு விளக்கின் நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்பதை, அளந்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அளந்து கிடைத்த வளைகோட்டில் எந்த முகட்டின் மேல் என்ன எழுதுவது, எந்தப் பள்ளத்தை எழுதாமல் விடுவது என்று முடிவு செய்வதற்குள்தான் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது. இதற்கு வழக்கத்தில் உள்ள வழிகள் நான்கு: கண்ணால் பார்த்துக் கையால் குறிப்பது, மென்பொருளைத் தேடவிடுவது, கணித வளைவுகளைப் பொருத்தி மையத்தைக் காண்பது, தெரிந்த கோடுகளின் பட்டியலை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் அதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒன்றைப் பெரும்பாலும் கேட்பதில்லை. எழுதப்போகும் குறிப்பு எதைச் சொல்ல வேண்டும் என்பதே அது. “546 நானோமீட்டரில் ஒரு முகடு இருக்கிறது” என்பது ஒரு கூற்று. “இது பாதரசத்தின் முகடு” என்பது வேறொரு கூற்று. முன்னதற்குக் கருவி பொறுப்பு, பின்னதற்கு நாம் பொறுப்பு. இரண்டையும் ஒரே எழுத்தில் கலந்து எழுதுவதால் வரும் குழப்பமே இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது என் கருத்து.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பழைய வரலாறே காட்டுகிறது. சூரிய ஒளியில் கருங்கோடுகள் இருப்பதை 1802இல் வில்லியம் வோலஸ்டன் கண்டார். 1814இல் யோசஃப் ஃபிரான்ஹோஃபர் அவற்றை நூற்றுக்கணக்கில் எண்ணி, முதன்மையானவற்றுக்குச் சிவப்பு முனையிலிருந்து ஏ, பி, சி, டி என்று வரிசையாக எழுத்துகளை இட்டார். அந்தக் கோடுகள் எதனால் வருகின்றன என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததாக அவர் எழுதவும் இல்லை. அரை நூற்றாண்டு நெருங்கிய பின், கிர்க்கோஃபும் புன்சனும் 1859, 1860ஆம் ஆண்டுகளில் செய்த வேலையால்தான் டி கோடு சோடியத்துக்கு உரியது என்பது உறுதிப்பட்டது. ஏ, பி இரண்டும் சூரியனுக்கே உரியவை அல்ல, நம் வளிமண்டல ஆக்சிஜன் விழுங்கிய பட்டைகள் என்பதும் பிற்பாடு தெளிவானது. இத்தனைக்குப் பிறகும் அந்த எழுத்துகளை மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. இடத்தை மட்டுமே சொன்ன குறிப்புகள் என்பதால் அவை பொய்யாக வழியே இல்லை.

காரணத்தைச் சொன்ன குறிப்புகளின் கதை வேறு. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கோள்வடிவ நெபுலாவின் ஒளியில் பச்சைக் கோடுகளைக் கண்டார். 495.9, 500.7 நானோமீட்டரில் உள்ள அந்த இரண்டும் எந்தத் தனிமத்தோடும் ஒத்துவராமல் போகவே, “நெபுலியம்” என்ற புதுத் தனிமமே அவற்றுக்காக உருவானது. 1927இல் ஐரா போவன், அவை இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் மிக அடர்த்தி குறைந்த சூழலில் உமிழும் கோடுகள் என்று காட்டியதும் நெபுலியம் மறைந்தது. 1869ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் தெரிந்த 530.3 நானோமீட்டர்ப் பச்சைக் கோட்டின் பெயரில் பிறந்த “கொரோனியம்” அதைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பே அந்தக் கோட்டுக்குக் காரணம் என்பது 1940களின் தொடக்கத்தில்தான் ஐயமறத் தெரிந்தது. ஒருமுறை மட்டும் பந்தயம் பலித்தது: 1868இல் சோடியத்தின் டி1, டி2 கோடுகளுக்கு அருகே 587.6 நானோமீட்டரில் தெரிந்த மஞ்சள் கோட்டுக்கு டி3 என்று பெயரிட்டு, அதன் பின்னால் ஒரு புதுத் தனிமம் இருப்பதாக நார்மன் லாக்யர் நம்பினார். 1895இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே பிடித்தார், அதுவே ஹீலியம். மூன்று துணிச்சல்களில் இரண்டு வீழ்ந்தன. டி3 என்ற எழுத்தோ, ஹீலியம் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் நின்றிருக்கும்.

முறைகளை ஒப்பிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம்: சிறு ஒளிர்விளக்கு ஒன்றின் நிறமாலை. கருவியில் 2048 புள்ளிகள் உள்ளன, புள்ளிக்குப் புள்ளி 0.35 நானோமீட்டர் இடைவெளி, பிரிதிறன், அதாவது தனித்தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஏறக்குறைய 2 நானோமீட்டர் என்று கொள்வோம். இத்தகைய விளக்கில் பாதரச ஆவியின் கூரிய கோடுகள் 404.66, 435.83, 546.07, 576.96, 579.07 நானோமீட்டரில் வரும். அவற்றோடு, குழாயின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளில் உள்ள டெர்பியம் 488, 544, 585 ஆகிய இடங்களை ஒட்டியும், யூரோப்பியம் 611ஐ ஒட்டியும் முகடுகளை எழுப்பும். கூரியது, அகன்றது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது என எல்லா வகையும் இதில் இருப்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல நிறமாலை கிடைப்பது அரிது.

கண்ணும் கையும்

கண்ணால் பார்த்துக் குறிப்பதைப் பழைய முறை என்று ஒதுக்குவது சரியல்ல. பத்துப் பன்னிரண்டு முகடுகள் உள்ள ஒரே வரைபடத்துக்கு இதைவிட விரைவான வழி இல்லை. 577, 579 என்னும் இரட்டை முகட்டைக் கண் ஒரு நொடியில் இரட்டை என்று அறிந்துகொள்ளும். ஒரு பக்கம் மட்டும் தோள் இறங்கியிருப்பதையும், உச்சி வெட்டுப்பட்டதுபோல் தட்டையாக இருப்பதையும் கண் கவனிக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. கண் உயரத்துக்கு மயங்கும். 546க்கும் 611க்கும் அருகே பெரிய முகடுகள் நிற்கும்போது, அவற்றில் நூறில் ஒரு பங்கு உயரமே உள்ள முகடு தரையோடு தரையாகிவிடுகிறது. செங்குத்து அச்சை ஒருமுறை மடக்கை அளவில் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு குறிக்கத் தொடங்குவது நல்லது. அதுவரை இல்லாத நாலைந்து முகடுகள் அப்போது எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இன்று நான் குறித்த பன்னிரண்டையே நாளை நானே குறிப்பேன் என்பதற்கு உறுதியில்லை. இருநூறு விளக்குகளை ஒப்பிட வேண்டிய இடத்திலும், “எந்த விதிப்படி இவற்றைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று வாசகர் கேட்கக்கூடிய இடத்திலும் கண் மட்டும் போதாது.

மென்பொருளைத் தேடவிட்டால்

பைத்தான் பயன்படுத்துவோர் பெரும்பாலும் சைபை நூலகத்தின் ‘ஃபைண்ட் பீக்ஸ்’ கருவியை எடுக்கிறார்கள். இரு பக்கத்துப் புள்ளிகளையும்விட உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் அது முகடு என்று சொல்லும். நிபந்தனை எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை அளந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். வெறும் இரைச்சலில், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தில், அடுத்தடுத்த மூன்று புள்ளிகளை எடுத்தால், நடுப்புள்ளி மூன்றிலும் பெரியதாக இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே விளக்கையே ஏற்றாமல் எடுத்த 2048 புள்ளிகளில்கூட ஏறத்தாழ 680 முகடுகள் கிடைக்கும். தேடும் கருவிக்கு முகடு கிடைப்பது பெருமையல்ல. எதை வேண்டாமென்று தள்ளுவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

தள்ளுவதற்கு முதலில் கைக்கு வரும் நிபந்தனை உயரம். அதுவே எல்லாவற்றிலும் மோசமான நிபந்தனை. வெள்ளை எல்இடியின் அகன்ற மஞ்சள் மேட்டின் மேல் அமர்ந்திருக்கும் இரைச்சல் துளிகள் எல்லாம் உயர வரம்பைத் தாண்டிவிடும். தாழ்வான பகுதியில் தனியாக நிற்கும் உண்மையான சிறு முகடு தாண்டாது. மலைகளுக்கு நிலவரைவியலாளர் பயன்படுத்தும் அளவுதான் இங்கே பொருந்துகிறது. ஒரு முகட்டிலிருந்து இறங்கி, அதைவிட உயரமான இன்னொரு முகட்டுக்குப் போக எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதே அந்த அளவு. சைபையில் இதன் பெயர் ப்ராமினென்ஸ், தமிழில் எழுச்சி என்று சொல்லலாம். மேட்டின் மேலுள்ள துளிக்கு உயரம் பெரிது, எழுச்சி மிகச் சிறிது. ஆனால் இதற்கும் ஒரு நுணுக்கம் உண்டு. இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல் ஐந்து மடங்கு என்னும் வழக்கமான வரம்பு உயரத்துக்குப் போதும், எழுச்சிக்குப் போதாது. எழுச்சி என்பது மேல்நுனிக்கும் கீழ்நுனிக்கும் உள்ள வேறுபாடு. ஈராயிரம் புள்ளிகளில் இரைச்சல் மேலே மூன்றரை மடங்கும் கீழே மூன்றரை மடங்கும் போய்வருவது இயல்பு என்பதால், ஏழு மடங்கு எழுச்சியை வெறும் இரைச்சலே காட்டிவிடும். நான் எட்டிலிருந்து தொடங்குவது வழக்கம்.

இன்னொரு பொறி, முகடுகளுக்கிடையே இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொலைவு. அதை நானோமீட்டரில் என்று நினைத்துக்கொண்டு கொடுப்பவர்கள் பலர். மென்பொருள் அதைப் புள்ளிகளின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்கிறது. பத்து என்று கொடுத்தால் நம் கருவியில் அது 3.5 நானோமீட்டர். 576.96க்கும் 579.07க்கும் இடையே 2.11 நானோமீட்டரே, அதாவது ஆறு புள்ளிகளே இருக்கின்றன. இரண்டில் உயரம் குறைந்ததை மென்பொருள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீக்கிவிட்டு, மஞ்சளில் ஒரே ஒரு பாதரசக் கோடு இருப்பதாகப் படத்தைக் கொடுக்கும். இரைச்சலைக் குறைக்க முதலில் வழவழப்பாக்குபவர்களும் இதே இடத்தில் விழுகிறார்கள். சவிட்ஸ்கியும் கோலேயும் 1964இல் தந்த முறை நல்ல முறைதான். ஆனால் பதினொரு புள்ளிச் சாளரம் 3.85 நானோமீட்டர் அகலமுள்ளது. கருவியின் பிரிதிறனைவிட அகன்ற சாளரம் கூரிய முகடுகளைத் தட்டையாக்கும், இரட்டையை ஒன்றாக்கப் பார்க்கும். இந்தக் கருவிக்கு ஐந்து புள்ளிகளே போதும்.

உச்சி தட்டையாக வெட்டுப்பட்ட முகட்டையும் மென்பொருள் தயங்காமல் எடுத்துக்கொள்ளும். தட்டையின் நடுப்புள்ளியை உச்சி என்று திருப்பித் தரும். உணரி நிறைவடைந்துவிட்டதால் ஏற்பட்ட தட்டை அது என்பதைக் கண்ணே கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட முகட்டின் உயரத்தை எழுதவே கூடாது. உணரி ஒளியைச் சேர்க்கும் நேரத்தைக் குறைத்து மீண்டும் அளப்பதுதான் வழி.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும், ஒன்றுக்கு மேற்பட்ட நிறமாலைகள் இருந்தால் தேடும் கருவியையே முதல் படியாக வைப்பேன். நிபந்தனைகளை ஒரு வரியில் எழுதிவிடலாம், யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்ற ஒரு நன்மைக்காகவே இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உச்சியின் இடத்தைப் புள்ளியின் இடமாகவே எழுதுவதா, இன்னும் நுட்பமாகக் காண்பதா என்பது அடுத்த கேள்வி. உச்சிப் புள்ளியையும் அதன் இருபக்கப் புள்ளிகளையும் ஒரு பரவளைவில் இணைத்தாலே போதும். மூன்று புள்ளிகளின் அளவு 80, 100, 90 என்று இருந்தால், உண்மையான உச்சி நடுப்புள்ளியிலிருந்து ஆறில் ஒரு புள்ளி தூரம் வலப்பக்கம் தள்ளியிருக்கும். நம் கருவியில் அது 0.06 நானோமீட்டர். மணி வடிவக் காஸ் வளைவைப் பொருத்திப் பார்ப்பது இதைவிடக் கனமான வேலை. கூரிய தனி முகட்டுக்கு அதனால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முகடுகளுக்கே அது தேவைப்படும். அங்கேயும் எத்தனை வளைவுகளைப் பொருத்துவது என்பதைப் பொருத்துபவரே முடிவு செய்கிறார்; மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் பொருத்தம் எப்போதும் மேம்படும் என்பதால், மேம்பட்டது என்பது மட்டும் மூன்றாவது முகடு இருப்பதற்குச் சான்றாகாது.

பள்ளம் என்று எதைச் சொல்வது?

பள்ளங்களைக் காண எளிய வழியென்று பலரும் சொல்வது, தரவுகளை எதிர்க்குறியாக்கி அதே கருவியை மீண்டும் ஓட்டுவது. கணக்கில் இது சரி. பொருளில்தான் சிக்கல்.

வெள்ளை எல்இடியில் 450ஐ ஒட்டி நீல முகடும், 550 முதல் 600 வரை ஒளிர்பொருளின் அகன்ற மேடும், இடையே 480ஐ ஒட்டிய ஒரு பள்ளமும் இருக்கும். அங்கே எதுவும் ஒளியை விழுங்கவில்லை. இரண்டு மேடுகள் அங்கே சந்திக்கவில்லை, அவ்வளவுதான். நிறத்தின் தரத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்தக் குறைவு முக்கியமான செய்தியே. ஆனால் அதை “480 உட்கவர்தல்” என்று குறித்தால் முழுப் பொய். சூரிய ஒளியில் 589.3 நானோமீட்டரில் தெரியும் பள்ளமோ உண்மையிலேயே விழுங்கப்பட்ட ஒளியின் தடம். நம் கருவியில் டி1, டி2 இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளமாகவே தெரியும். இரண்டு பள்ளங்களையும் ஒரே குறியால் காட்டும் வரைபடம் வாசகரை ஏமாற்றுகிறது. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. பச்சை இலையின் எதிரொளிப்பில் 550ஐ ஒட்டித் தெரியும் முகடு இலை உமிழ்ந்த ஒளி அன்று. பச்சையம் நீலத்திலும் சிவப்பிலும் விழுங்கியதுபோக மிஞ்சியது. குளிர்ந்த சிவப்பு விண்மீன்களில் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகளுக்கு இடையே மிஞ்சும் பகுதிகளை உமிழ்கோடுகள் என்று புதியவர்கள் குறிப்பதையும் காணலாம். ஆகவே ஒரு முகட்டையோ பள்ளத்தையோ குறிக்குமுன், தொடர் ஒளியின் மட்டம் எது, அதாவது கோடுகளே இல்லாதிருந்தால் வளைகோடு எப்படி ஓடியிருக்கும், என்பதை வரைந்துவிட வேண்டும். அதற்கு மேலே எழுவது முகடு, கீழே இறங்குவது பள்ளம், இரண்டும் இல்லாதது இடைவெளி.

மட்டம் சரிவாக இருந்தால் இடமும் பிழையாகும். நானோமீட்டருக்கு ஒரு சதவீதம் வீதம் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டே போகும் ஒளியில், பாதி ஆழத்தில் 12 நானோமீட்டர் அகலமும் 10 சதவீத ஆழமும் கொண்ட காஸ் வடிவப் பள்ளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளைகோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி அப்பள்ளத்தின் உண்மையான மையத்தில் இராது. ஏறக்குறைய 3 நானோமீட்டர் நீலப்பக்கம் தள்ளி இருக்கும். ஆழம் 5 சதவீதமாகக் குறைந்தால் தாழ்ந்த புள்ளி என்று ஒன்றே இராது. பள்ளம் வெறும் தோளாகிவிடும், எதிர்க்குறியாக்கி ஓட்டிய கருவி அதைக் காணவே காணாது. முதலில் தொடர் ஒளியால் வகுத்துச் சமன்படுத்திவிட்டுத்தான் பள்ளங்களைத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இரண்டாம் வகைக்கெழுவை எடுத்தும் தோள்களை வெளிக்கொணரலாம். ஆனால் அது இரைச்சலைப் பெருக்கும், ஒவ்வொரு முகட்டின் இருபுறமும் போலிப் பள்ளங்களை உண்டாக்கும். ஐயத்தைச் சரிபார்க்க அது நல்லது, குறிப்பு எழுதுவதற்கு ஆதாரமாக அதை வைக்க மாட்டேன்.

வேதியியலாரின் வழக்கம் இங்கே தனி. அகச்சிவப்பு நிறமாலையில் ஊடுகடத்தலை வரையும்போது உட்கவர் பட்டைகள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும், அலை எண் வலமிருந்து இடமாக ஏறும், தொங்கும் பள்ளங்களையே ஆய்வகத்தில் எல்லோரும் பீக் என்பார்கள். அந்தத் துறையினருக்காக எழுதும்போது அவர்கள் பேச்சையே பின்பற்றுவதில் தவறில்லை. செங்குத்து அச்சு எதைக் காட்டுகிறது என்பதைப் பெரிதாக எழுதிவிட்டால் போதும்.

பட்டியலைப் பொருத்துதல்

பெயர் சொல்லும் பொறுப்பு தொடங்குவது இங்கேதான். கோட்டுப் பட்டியலை மேலே வைத்தால் எல்லா முகட்டுக்கும் ஏதாவது ஒரு பெயர் கிடைத்துவிடும் என்பதே இந்த முறையின் பெரிய ஆபத்து. இரும்புக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கோடுகள் உண்டு. 2 நானோமீட்டர் பிரிதிறன் உள்ள கருவியில் எங்கே கைவைத்தாலும் ஓர் இரும்புக் கோடு அருகில் நிற்கும். பொருந்துகிறது என்பது சான்று ஆகாது; அந்தத் தனிமத்துக்கு அதே சூழலில் வந்தே தீர வேண்டிய மற்றக் கோடுகளும் வந்திருக்கின்றனவா என்பதே சான்று. 435.83ஐப் பாதரசம் என்று எழுதினால் 404.66உம் 546.07உம் அதே படத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த விதியை நான் கற்றது என் தவறிலிருந்து. ஒரு பாதரச விளக்கின் நிறமாலையில் 809 நானோமீட்டரில் சிறு முகடு ஒன்று தெரிந்தது. ஆர்கானுக்கு 810.37, 811.53 என இரண்டு வலிமையான கோடுகள் இருப்பது நினைவுக்கு வரவே, அளவுத்திருத்தம் சற்றே விலகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விளக்கில் நிரப்பிய ஆர்கான் என்று எழுதிவிட்டேன். ஆர்கான் என்றால் 763.51இல் ஓங்கி நின்றிருக்க வேண்டிய கோடு அங்கே இல்லை என்பதை வரைபடத்தை அனுப்பிய பிறகே கவனித்தேன். 871.7இலும் ஒரு முகடு இருந்தது. அதற்கு நான் பெயரே வைத்திருக்கவில்லை. 404.66இன் இருமடங்கு 809.32, 435.83இன் இருமடங்கு 871.66. கருவியில் ஒளியைப் பிரிக்கும் கீற்றணி ஒரு கோட்டை அதன் இருமடங்கு அலைநீளத்திலும் மங்கலாகக் காட்டும்; அந்த இரண்டாம் வரிசையில் பாதரசமே மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. குறுகிய அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டியை வைத்ததும் இரண்டும் ஒன்றாக மறைந்தன. மென்பொருள் அந்த முகட்டைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. 809 என்ற எண்ணும் சரி. நான் எழுதிய பெயர்தான் தவறு.

பட்டியலில் உள்ள எண் காற்றில் அளந்ததா, வெற்றிடத்துக்கு உரியதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜனின் ஆல்ஃபா கோடு காற்றில் 656.28, வெற்றிடத்தில் 656.46 நானோமீட்டர். நம் கருவிக்கு இந்த 0.18 பெரிதல்ல. நுட்பமான கருவியில் இதை மறந்தால், விண்மீன் ஒன்று நம்மை விட்டு விநாடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக விலகிச் செல்வதாகக் கணக்கு வரும். விண்மீன்திரள்களின் நிறமாலையில் பெயரை எழுதுவதற்கு முன்பே செம்பெயர்ச்சியை, அதாவது கோடுகள் எல்லாம் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை, கண்டிருக்க வேண்டும். ஒற்றை முகட்டை வைத்து அதைக் கண்டுவிட்டதாக நினைப்பது, மேலே சொன்ன ஆர்கான் கதையின் பெரிய வடிவம்தான்.

தாளில் எங்கே எழுதுவது

எழுதும் இடத்தைப் பொறுத்தவரை இரண்டு போட்டியாளர்கள்: முகட்டின் மேலேயே பெயரையும் எண்ணையும் எழுதுவது, முகடுகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டுக் கீழே அட்டவணை கொடுப்பது. எட்டு முகடுகள்வரை முதலாவதே மேல். வாசகரின் கண் படத்தை விட்டு அகல வேண்டியதில்லை. பன்னிரண்டைத் தாண்டினால், அதிலும் 542க்கும் 546க்கும் இடையே நடப்பதுபோல் முகடுகள் நெருங்கி நின்றால், அட்டவணையே நல்லது. அட்டவணையில் அளந்த இடம் ஒரு பத்தியிலும் பட்டியலில் உள்ள இடம் இன்னொரு பத்தியிலும் பெயர் மூன்றாவதிலும் வரலாம்; கூற்றுகளைக் கலக்காமல் எழுத அது தானாகவே இடம் தருகிறது. படத்தில் எழுதும்போது பெரும்பாலானோர் அளந்தது 545.4 ஆக இருக்க, அருகே 546.07 என்று நூலில் உள்ள எண்ணை எழுதிவிடுகிறார்கள். இரண்டு தசம இடங்களைப் பார்த்த வாசகர் கருவியே அவ்வளவு நுட்பமாக அளந்ததாக நம்பிவிடுவார்.

மற்றவை சிறு கைவேலைகள். முகட்டின் குறிப்பை வளைகோட்டுக்கு மேலேயும் பள்ளத்தின் குறிப்பைக் கீழேயும் வைத்தால் குறியைப் பார்த்தவுடனேயே வகை தெரிந்துவிடும். இணைக்கும் கோடு குட்டையாக, வளைகோட்டைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நீண்டு கீழே வந்தால் அதுவே ஒரு நிறமாலைக் கோடு என்று தோன்றும். ஒவ்வொரு குறிப்பையும் அந்தந்த அலைநீளத்தின் நிறத்திலேயே எழுதும் ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். வெள்ளைப் பின்னணியில் 579இன் மஞ்சளும் கறுப்புப் பின்னணியில் 405இன் ஊதாவும் படிக்க முடியாமல் போவதைப் பார்த்த பிறகு அந்த ஆசை போய்விடும். நெருக்கமான இடங்களில் எழுத்துகளைச் செங்குத்தாகத் திருப்புவது எண்களுக்குப் பொருந்துகிறது. “பாதரசம்” போன்ற சொற்களைத் திருப்பினால் கழுத்து வலிக்கிறது. தமிழில் வரையும் படங்களில் எண்ணை மட்டும் திருப்பி எழுதி, பெயரை அட்டவணைக்கு அனுப்பிவிடுவதே என் வழக்கம்.

இனி, தொடங்கிய விளக்குக்கு வருவோம். எட்டு மடங்கு எழுச்சி என்ற வரம்போடு தேடவிட்டு, கிடைத்தவற்றை மடக்கை அச்சில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, இடங்களைப் பரவளைவால் திருத்தி, துணைக்கோடுகள் உள்ளனவா என்று பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் எழுதுவதே நான் தேர்ந்தெடுக்கும் வரிசை. வளைவு பொருத்துவதைப் பச்சை முகட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். பள்ளம் எதையும் குறிக்க மாட்டேன். இந்த விளக்கில் முகடுகளுக்கு இடையே இருப்பவை எல்லாம் இடைவெளிகள்தாம்.

பச்சை முகட்டில் டெர்பியமும் பாதரசத்தின் 546.07உம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பொருத்திய வளைவுகள் இரண்டாகப் பிரிந்தாலும், 2 நானோமீட்டர் கருவியில் அந்தப் பிரிவை நம்பி இரண்டு எண்களைப் படத்தில் எழுதுவது அதிகம். அளந்த உச்சியை ஒரு தசம இடத்தோடு எழுதி, பெயர்ப் பத்தியில் “டெர்பியமும் பாதரசமும், பிரியவில்லை” என்று குறிப்பேன். சிவப்பின் கோடியில் 700ஐத் தாண்டி ஒரு சிறு முகடு மிஞ்சும். யூரோப்பியத்தின் பலவீனமான உமிழ்வு ஒன்று அங்கே வரக்கூடியது, ஆர்கானின் 706.72உம் அருகில் நிற்கிறது. விளக்கை ஏற்றிய முதல் நிமிடத்திலும் அது நன்றாகச் சூடேறிய பிறகும் அளந்து, 611ஓடு சேர்ந்து அது ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும்வரை, அட்டவணையின் பெயர்ப் பத்தியை அந்த வரிசையில் வெறுமையாக விட்டு எண்ணை மட்டும் எழுதி வைப்பேன்.